நாலு ஸ்க்ரூ, ஒரு போன், மூன்று வாரம்

டிஸ்கி: இதை எழுத எந்தக் கம்பெனியும் எனக்கு நயா பைசா தரவில்லை. தந்திருந்தால் இதைவிட நல்ல போனாக வாங்கியிருப்பேன் :-)

புது போன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் எல்லார் வீட்டிலும் என்ன கேட்பார்கள்? விலை என்ன, கேமரா எப்படி, எத்தனை ஜிபி... எங்க அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். கையில் வாங்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எப்படிடா தொறக்கறது?" என்றார்.

அவர் அப்படித்தான். டிவிஎஸ் எக்ஸெல்லை இதுவரை ஒரு மெக்கானிக்கிடம் விட்டதில்லை. காட்டில் மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர் அடைத்துக்கொண்டால் வரப்பிலேயே உட்கார்ந்து பிரித்துவிடுவார். திறக்க முடியாத சாமான் எதுவும் நம்முடையது இல்லை என்பது அவர் கட்சி. அதை நான் முன்பெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. போன வருஷம் பட்டபிறகுதான் புத்தி வந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் புது போனைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. அதனால் முதலில் அது.

என் பழைய போன் (கம்பெனி பேர் வேண்டாமே) பார்க்க ஜம்மென்று இருக்கும். முதுகு பூராவும் கண்ணாடி, பளபளவென்று. மூன்றாவது வருஷம் அந்த முதுகு ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது. கவர் சரியாக உட்காரவில்லை என்று நினைத்து அமுக்கி அமுக்கி விட்டேன். என்ன ஒரு அறிவாளித்தனம் பாருங்கள்! உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. லித்தியம் பேட்டரி வயசாகும்போது, அதுவும் சூட்டிலேயே கிடந்தால், உள்ளே இருக்கிற ரசாயனம் சிதைந்து வாயு சேரும். அது வெளியே போக வழியில்லாததால் பை மாதிரி உப்பும். அதை அமுக்கினால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. நான் ஒரு வாரம் அமுக்கியிருக்கிறேன்.

அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர் சின்னசேலத்தில் கிடையாது. பஸ் பிடித்துப் பெரிய ஊருக்குப் போனால், பத்து நாள் ஆகும், போனை வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். நம்மூர்க் கடைக்கார அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் சூடுகாற்று மிஷினைப் பிடித்துப் பசையை இளக்கி, மெல்லிய தகடு விட்டு நெம்பினார். பாதி தூரம் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி மூலைக்கு மூலை கீறிவிட்டது. அவர் மேல் தப்பில்லை. "தம்பி, இத ஒட்டுனவனே தொறக்கக் கூடாதுன்னுதான் ஒட்டியிருக்கான்" என்றார்.

இது நடந்தது கல்லூரி விண்ணப்பம் போடுகிற வாரம். மறுநாள் கடைசித் தேதி. ஓடிபி வரவேண்டிய சிம் என் கையில், போன் நாலு துண்டாகக் கடையில். அப்பாவின் நோக்கியா 1100 அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. என் நானோ சிம்மை ஒரு பிளாஸ்டிக் அடாப்டரில் வைத்து, மூடியைக் கட்டை விரலால் தள்ளி, பேட்டரியை எடுத்துவிட்டு அதன் அடியில் செருகினார் அப்பா. நல்லவேளை, என் சிம் 2ஜி இன்னும் ஓடுகிற கம்பெனியுடையது. பிரவுசிங் சென்டர் வாசலில் நின்றுகொண்டு அவர் அந்தச் சின்னத் திரையைப் பார்த்து ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக வாசிக்க, உள்ளே நான் தட்டினேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு நான் கல்லூரியில் இருப்பது அந்த 1100 புண்ணியத்தில்.

1100 வந்தது 2003ல். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன். அதில் போடுகிற பிஎல்-5சி பேட்டரி இன்றைக்கும் கிடைக்கிறது. சின்ன எஃப்எம் ரேடியோக்களில், பாட்டுப் பெட்டிகளில் எல்லாம் அதே பேட்டரிதான். அப்பா இதுவரை மூன்று மாற்றிவிட்டார், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷ வேலை. 2007 ஆகஸ்டில் அந்த வகை பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் சூடாகலாம் என்று நோக்கியாவே எச்சரித்து, மாற்றித் தருவதாக அறிவித்ததே, அப்போதும் ஆளாளுக்கு மூடியைத் திறந்து பேட்டரி நம்பரைப் பார்த்துக்கொண்டார்களாம். அதே அறிவிப்பு இன்றைக்கு வந்தால் என்ன செய்வோம்? கோடிக்கணக்கான போன்களைப் பசை இளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, இப்போது மேட்டருக்கு வருவோம்.

நான் வாங்கியது சிஎம்எஃப் போன் 1. லண்டனைச் சேர்ந்த நத்திங் கம்பெனியின் விலை குறைந்த வரிசை. 2024 ஜூலையில் இந்தியாவில் வந்தபோது தொடக்க விலை 15,999 ரூபாய். 2025 ஏப்ரலில் அடுத்த மாடல் வந்துவிட்டதால், கடையில் பிரிக்காமல் கிடந்த ஒரு பெட்டி எனக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்தது. பழைய சரக்குதான், எனக்கு இது புதுசு. இதில் பாதி என் சேமிப்பு, மீதி மக்காச்சோளம் விற்ற காசு. 2025-26க்கு மக்காச்சோளத்துக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த விலை அப்படியே கைக்கு வந்தால்கூட இந்த போன் ஐந்து குவிண்டால் சோளம். சட்டைப் பையில் ஐந்து குவிண்டாலைப் போட்டுக்கொண்டு அலைகிறேன் என்று நினைத்தாலே நடை நிதானமாகிவிடுகிறது.

புது மாடலை விட்டுவிட்டு இதை எடுத்ததற்கு ஒரே காரணம், பின்மூடி. நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். கீழ் மூலையில் ஒரு வட்டத் திருகு வேறு. ஸ்க்ரூவைக் கழற்றினால் மூடி தனியாக வந்துவிடும், வேறு நிற மூடி வாங்கி மாட்டிக்கொள்ளலாம். திருகு இருக்கிற இடத்தில் கயிறோ, நிற்க வைக்கிற தாங்கியோ பூட்டலாம். அடுத்த மாடலிலும் ஸ்க்ரூ தெரிகிறது, ஆனால் இந்த மாதிரி மூடியை நாமே மாற்றிக்கொள்ள முடியாது.

அந்தத் திருகைப் பார்த்துவிட்டு அம்மா, "இதுல ஸ்டேஷன் மாத்தலாமா கண்ணு?" என்று கேட்டார். ரேடியோ என்றே நினைத்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களும் நாலு பேருக்கு ஒருவர் கேட்டுவிடுகிறார்கள். மூன்று வாரத்தில் இந்தத் திருகால் எனக்குக் கிடைத்த புது சினேகிதம் இரண்டு.

முதல் நாள் ராத்திரியே அப்பா சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்துவிட்டார். கயிற்றுக் கட்டில் மேல் வெள்ளைத் துண்டு விரித்து, நாலு ஸ்க்ரூவையும் கழற்றி டம்ளர் மூடியில் போட்டு, மூடியை எடுத்து உள்ளே பார்த்தார். ஊதினார். மறுபடி மாட்டினார். "ம்ம்... பரவால்ல" என்றார். எங்க அப்பா வாயிலிருந்து ஒரு ஸ்மார்ட்போனுக்கு வந்த முதல் பாராட்டு அது.

அன்றாடம் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 6.67 அங்குல அமோலெட் திரை. காட்டில் மத்தியான வெயிலில் கையால் நிழல் கட்டாமல் படிக்க முடிகிறது. 5,000 எம்ஏஎச் பேட்டரி, காலை ஆத்தூர் பஸ் ஏறி ராத்திரி படுக்கிற வரை தாங்குகிறது. பகல் வெளிச்சத்தில் 50 மெகாபிக்சல் கேமரா நோட்ஸை எழுத்து எழுத்தாக எடுக்கிறது, ஒரு மாணவனுக்கு அதுதானே முக்கியம்! மெமரி கார்டு போட இடம் இருக்கிறது, இப்போது அதுவே அபூர்வம். குறை என்றால், ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. என்எஃப்சி கிடையாது. சார்ஜர் பெட்டியில் வராது, தனியாக வாங்கணும். நான் பழைய சார்ஜரிலேயே ஓட்டுகிறேன். தண்ணீர் விஷயத்தில் ஐபி52 தரம்தான், அதாவது தூசியும் சிறு தூறலும் ஓகே, அடைமழை கூடாது. மழை வந்தால் பாலிதீன் பைதான், அப்பாவின் வழி.

போன ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை வரை நண்பர்களோடு போனோம். ஏற ஏற டவர் விட்டுவிட்டுத்தான் வந்தது. காலையில் நூறு இருந்த சார்ஜ் மத்தியானத்துக்குள் பாதியாகிவிட்டது. போன் மேல் தப்பில்லை, எந்த போனும் அப்படித்தான். சிக்னல் குறைந்தால் தூரத்து டவருக்குக் கேட்கும்படி அதிக சக்தியில் கத்தும், டவரே இல்லையென்றால் விடாமல் தேடும். இரண்டுமே சார்ஜைக் குடிக்கிற வேலை. மலை ஏறுகிறவர்கள் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், படம் எடுக்க அது போதும். மலையிலேயே இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்றுதான் திரும்பி வரும்போது யோசித்தேன். அவர்கள் பேட்டரிக்கு நம்முடையதைவிட வேலை அதிகம், அப்படியானால் வயசும் சீக்கிரம் ஆகும். மாற்ற வேண்டுமென்றால் அவர்கள் கீழே இறங்கித்தான் வரணும்.

இந்த யோசனையோடு மறுநாள் கடைக்கார அண்ணனிடம் போய்ப் பெருமையாக போனைக் காட்டினேன். "பாருங்கண்ணே, இது தொறக்கும்!" வாங்கிப் பார்த்தார். சிரித்தார்.

"மூடி தொறக்குது தம்பி. பேட்டரி தொறக்குமா?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். தொறக்காது. இது நாமே கழற்றிப் போடுகிற பேட்டரி கிடையாது, மூடியை எடுத்தாலும் அது உள்ளே பத்திரமாக இருக்கிறது. "ஆனா கண்ணாடிய சூடு பண்ணி நெம்பற வேல இல்ல பாரு, அதுவே எனக்குப் பாதி நிம்மதி" என்றார். சரியான பேச்சு. பாதி. இந்த போனைப் பற்றி நான் சொல்ல நினைப்பதும் அந்த ஒரே வார்த்தைதான்.

இன்னொரு மூடியும் இருக்கிறது, அதற்கு ஸ்க்ரூ கிடையாது. போன் வந்தபோது கம்பெனி சொன்னது, ஆண்ட்ராய்டு இரண்டு வருஷம், பாதுகாப்பு அப்டேட் மூன்று வருஷம். கணக்கு ஆரம்பிப்பது நான் வாங்கிய நாளிலிருந்து இல்லை, 2024லிருந்து. ஆகவே 2027ல் முடிந்துவிடும். விலை குறைவாகக் கிடைத்ததே என்று குதித்தேன், குறைந்தது விலை மட்டுமா, ஆயுசும்தான். பழைய சரக்கு வாங்குகிற மாணவ மணிகளே, இதை நோட் பண்ணிக்கொள்ளுங்கள்.

இது இப்படித்தான் இருந்தாகணும் என்று விதி ஒன்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023ல் ஒரு சட்டம் போட்டார்கள். 2027 பிப்ரவரியிலிருந்து அங்கே விற்கிற சாதனங்களில் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி இருக்கணும், சில விதிவிலக்குகளோடு. 2025 ஜூனிலிருந்து அங்கே புது மாடல்களுக்கு, விற்பனையை நிறுத்திய பிறகும் 7 வருஷம் உதிரி பாகம் கிடைக்கணும். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை'க்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் நம்மூருக்குத் தேவை இணையதளத்தைவிட, பழுது பார்க்கிறவர் கைக்கு எட்டுகிற பேட்டரியும் உதிரி பாகமும்தான். நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006லிருந்து 2014 வரை நோக்கியா ஆலை ஓடியது. இப்போதும் அந்தப் பக்கம் ஐபோன் பூட்டுகிறார்கள். பூட்டத் தெரிந்த ஊருக்குக் கழற்றத் தெரியாதா என்ன?

ஆக, வாங்கலாமா என்றால், பின்மூடி திறக்கணும் என்று என்னைப் போலப் பிடிவாதம் இருந்தால், கிடைத்தால், வாங்கலாம். வருஷக்கணக்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எனக்கு வருத்தமில்லை. மூன்று வாரத்தில் மூன்று தடவை மூடியைத் திறந்து மூடியிருக்கிறோம். அதில் ஒரு தடவைகூட அவசியம் இருக்கவில்லை. பழைய போன் மூன்று வருஷம் என் பையில் இருந்தது, ஒருநாளும் அதை நான் இப்படிப் பார்த்ததில்லை.

நேற்று சாயங்காலம் மக்காச்சோளக் காட்டிலிருந்து திரும்பும்போது அப்பா கேட்டார். "பேட்டரி கெட்டா என்னடா பண்ணுவ?"

"அண்ணன் கடைல குடுத்து மாத்திக்கலாம்ப்பா."

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அப்புறம், "மாத்தும்போது நானும் வரேன், எப்படி மாத்தறான்னு பாக்கணும்" என்றார்.

பி.கு: நோக்கியா 1100 இன்னும் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறது. விற்கிற உத்தேசம் இல்லை, கேட்காதீர்கள்.