பலகையில் ஏறாத பெயர்

எமது கல்லூரியின் யூபிலி மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரையொன்று வேண்டியபொழுது, "கல்லூரிக்குப் புகழீட்டிய விளையாட்டு வீரர்கள்" என்பதையே பொருளாகத் தந்தனர். அத்தகையோரைப் பற்றி எழுத வல்லார் பலர் உளர். அவ்வீரர்தம் பெயர்கள் மண்டபத்துப் பலகையிலே பொன்னெழுத்திற் பொறிக்கப்பட்டும் உள்ளன. அப்பலகையில் ஏறாத ஒருவனைப் பற்றியும், அவனை நினைக்குந்தோறும் என் நினைவுக்கு வரும் பெயர்பெற்ற ஆட்டக்காரர் இருவரைப் பற்றியும் எழுத அனுமதி கேட்டேன். குழுவினர் சிறிது யோசித்துச் சம்மதித்தனர்.

1962ஆம் ஆண்டு தொடக்கம் 1964ஆம் ஆண்டு வரை அவன் எமது முதற்பிரிவு உதைபந்தாட்ட அணியில் முன்வரிசையின் இடக்கோடியில் ஆடினான். நான் பின்வரிசையிலே நின்றவன். பெயரைச் சொன்னால் அவனுக்குப் பிடிக்காது. ஆதலின் நண்பன் என்றே குறிப்பேன். அக்காலத்து உதைபந்தைக் கண்டிராத இன்றைய மாணவர்க்கு ஒன்று சொல்லவேண்டும். அது தடித்த தோலாலானது. உள்ளே இறப்பர்ப் பை. காற்றடைத்தபின் அதன் வாயை நாடாவினால் இறுகக் கட்டியிருப்பர். மழையில் நனைந்தாற் கல்லைப்போற் கனக்கும். நாடா முடிச்சு நெற்றியிற் பட்டால் இரண்டு நாளைக்கு அடையாளம் இருக்கும். எம்மிற் பாதிப்பேர் வெறுங்காலுடனேயே ஆடினோம். சுன்னாகத்துச் செம்மண் கோடையிற் காய்ந்து இறுகிவிட்டால், உயர்ந்து வரும் அந்தப் பந்து நிலத்தில் மோதி எப்பக்கம் துள்ளும் என்று எவராலும் கூறமுடியாது.

நண்பன் அதனை நிலத்தில் மோதவிடுவதேயில்லை. பின்வரிசையிலிருந்து நான் ஓங்கி உதைக்கும் பந்து எங்கே போய் விழும் என்பது எனக்கே தெரியாதிருக்க, அவன் எனக்கு முதுகைக் காட்டியபடி ஓடிக்கொண்டிருப்பான். பந்து அவன் தோளுக்கு மேலாகச் சென்று அவன் முன்னே இறங்கும். சிலபோது மார்பில் ஏற்பான். சிலபோது நீட்டிய பாதத்தின் மேற்புறத்தில் ஏற்றுக் கீழே வைப்பான். வைப்பான் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். நித்திரையான குழந்தையைத் தாய் பாயிலே கிடத்துவது போன்ற ஒரு மென்மை அதில் இருந்தது. அதன்பின் எதிரணியார் அவனைத் துரத்துவது வெறும் சடங்கு. "இதை எப்படியடா செய்கிறாய்?" என்று ஒருமுறை கேட்டேன். "பந்தைப் பார்த்து என்ன பிரயோசனம்? நீ உதைக்கேக்கை உன்ரை காலை ஒருக்காப் பார்ப்பன், அவ்வளவுதான்" என்றான்.

அவன் இலங்கை அணியில் ஆடுவான் என்று எமது பொறுப்பாசிரியர் அடித்துச் சொல்வார். 1965ஆம் ஆண்டு தைமாதம் கொழும்பிலே அரச திணைக்களமொன்றின் அணிக்கு ஆட்டக்காரரைத் தெரிந்தபோது அவனுக்கும் அழைப்பு வந்தது. தெரியப்பட்டால் உத்தியோகமும் உண்டு. அரசாங்க உத்தியோகம் என்றால் அன்று எம் ஊர்களில் என்ன மதிப்பு என்பதைப் பழைய மாணவர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. சுன்னாகம் புகையிரத நிலையத்தில் அவனை யாழ்தேவியில் ஏற்றிவிட இருபது பேர் சென்றோம். தெரியவும்பட்டான். மூன்றாம் வாரம் திரும்பி வந்தவன் பின்னர் போகவேயில்லை.

"வந்த சீதேவியைக் காலால் உதைத்தவன்" என்றது ஊர். உதைபந்தாட்டக்காரனுக்குப் பொருத்தமான வசை என்று சிரித்தவர்களும் இருந்தனர். கொழும்பைக் கண்டு மிரண்டுவிட்டான் என்றார் ஒருவர். சோம்பேறி என்றார் இன்னொருவர். அந்தப் பெரியவர் அவனை ஒருநாளாவது விடியற்காலையிற் கண்டவரல்லர். நடந்தது இதுதான். தந்தையார் பாரிசவாதத்தால் விழுந்துவிட்டார். குத்தகைத் தோட்டத்திலே புகையிலை நின்றது. தையிலும் மாசியிலும் தண்ணீர் தவறினாற் புகையிலை பிழைக்காது. அவனுக்குக் கீழே மூன்று தங்கைமார். துலா மிதிக்கக் கூலிக்கு ஆள் பிடிக்கலாம். பிடித்த ஆளுக்குக் கொடுக்கக் காசு வேண்டுமே. நான் தோட்டத்துக்குப் போய்க் கேட்டபோது, மண்வெட்டியை வரம்பில் ஊன்றிக்கொண்டு, "நான் அங்கை பந்தடிச்சுக்கொண்டு நிண்டால் இஞ்சை ஆர் மச்சான் தண்ணி கட்டுறது?" என்றான். எனக்கு மறுமொழி இருக்கவில்லை.

என் ஐயா கொழும்பிலே எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர். இக்கதையைக் கேட்டதும் அவர் எடுத்த பெயர் மகாதேவ சதாசிவம். உதைபந்தாட்டத்துக்கும் கிரிக்கெற்றுக்கும் என்ன தொடர்பு என்று அன்று நினைத்தேன். ஐயாவுக்கு எல்லா வழியும் சதாசிவத்திலேயே முடியும் என்பதும் ஒரு காரணம். தமிழ் யூனியன் கழகத்தின் கொழும்பு ஓவல் மைதானத்தில், 1950ஆம் ஆண்டு, பிராங் வொறல் முதலியோர் அடங்கிய பொதுநலவாய அணிக்கு எதிராகச் சதாசிவம் 96 ஓட்டங்கள் எடுத்ததை ஐயா நேரிற் பார்த்தவர். பந்து துடுப்பைக் கடந்துவிட்டது என்று பார்ப்போர் எண்ணிய பின்னர், அதனை மணிக்கட்டினால் மெல்லத் தட்டி விக்கெற்றுக்குப் பின்னே அனுப்பும் அடியை ஐயா தம் குடைக்காம்பினால் எமக்கு ஆடிக்காட்டுவார். வொறல் தாம் கண்டவருட் சதாசிவமே தலைசிறந்த ஆட்டக்காரர் என்று புகழ்ந்ததாக அக்காலத்தவர் சொல்வதுண்டு. ஐயா அதனை வேதவாக்காகவே கொண்டிருந்தார்.

1915ஆம் ஆண்டு பிறந்த சதாசிவம், 1947இற் சென்னைச் சேப்பாக்கத்திலே தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தார். 1948இல், இங்கிலாந்து செல்லும் வழியிற் கொழும்பில் இறங்கிய டொன் பிறட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கெதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கினார். அன்று ஓவலில் அமைக்கப்பட்ட ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யாராகவே இருந்ததென்று அளந்தபின் தெரியவந்தது. அந்த இரண்டு யாரை நான் அடிக்கடி எண்ணிப்பார்ப்பதுண்டு. பிறட்மனை எதிர்கொள்ளக் கிடைத்த ஒரே நாளிற்கூட இந்நாட்டினால் அவருக்கு முழு ஆடுகளம் கொடுக்க இயலவில்லை. வேறு என்ன கொடுத்தோம்? கடல்கடந்து செல்லும் அணிகளின் கப்பல் கொழும்பிலே தரிக்கும் நாளில் ஓர் ஆட்டம். எப்போதாவது இந்தியாவுக்கு ஒரு பயணம். முதற்றரம் எனக் கணிக்கப்படும் ஆட்டங்களில் அவர் ஆடியவை பத்துப் பன்னிரண்டே. இலங்கை தன் முதலாவது ரெஸ்ற் போட்டியை ஆடியது 1982ஆம் ஆண்டு மாசியில். ஆடிய இடமும் அதே ஓவல்தான். அப்பொழுது அதற்குப் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. சதாசிவமோ 1977இலேயே காலமாகிவிட்டார்.

இதனால் அவர்மீது குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இரவு முழுவதும் நடன மண்டபங்களிற் கழித்துவிட்டுக் காலையில் நேரே மைதானத்துக்கு வந்த கதைகள் பல. அப்படி வந்தும் அடித்தார் என்று மெச்சுவோர் உளர். எனக்கு அந்த மெச்சுதலிற் சம்மதமில்லை. உடலைப் பேணாத ஆட்டக்காரன் வித்தையையும் பேணாதவனே. 1951ஆம் ஆண்டு அவருடைய மனைவியார் கொலையுண்டதும், சதாசிவம் அதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு நெடுநாள் மறியலிற் கிடந்ததும், கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடியதும், 1953இற் குற்றமற்றவரென விடுதலையானதும் நாடறிந்தவை. பின்னர் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைவராயிருந்தார். மூன்று நாடுகளுக்குத் தலைமை தாங்கியும், "இன்னும் எவ்வளவு செய்திருக்கலாம்" என்ற பெருமூச்சோடுதான் அவர் பெயரை இன்றும் சொல்கிறார்கள்.

அதே சரவணமுத்து மைதானத்தில் 1993ஆம் ஆண்டு ஆவணியில் வேறோர் இளைஞன் 120 ஓட்டங்கள் எடுத்தான். வினோத் காம்ப்ளி. சதாசிவத்துக்குக் கிடையாதவை எல்லாம் அவனுக்குக் கிடைத்தன. ரமாகாந்த் ஆச்ரேக்கரைப் போன்ற ஆசான், பம்பாயைப் போன்ற நகரம், ரெஸ்ற் போட்டிகள். 1988இற் பாடசாலைப் போட்டியொன்றிலே அவனும் சச்சின் தெண்டுல்கரும் பிரியாது நின்று 664 ஓட்டங்கள் சேர்த்தனர். அதிற் காம்ப்ளியின் பங்கு 349. 1993இல் இங்கிலாந்துக்கெதிராக 224, அடுத்த போட்டியிலே சிம்பாப்வேக்கெதிராக 227. முதல் ஏழு ரெஸ்ற் போட்டிகளில் 793 ஓட்டங்கள். அடுத்த பத்துப் போட்டிகளில் 291 மட்டுமே. 1995ஆம் ஆண்டு கார்த்திகையிற் கடைசி ரெஸ்ற் ஆடியபோது வயது 23. உயர்ந்தெழும் வேகப்பந்துக்கு அஞ்சினான் என்றனர் சிலர். வாழ்க்கையில் ஒழுங்கில்லை என்றனர் பலர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆயினும் அவனது ரெஸ்ற் சராசரி 54.20, தெண்டுல்கரின் சராசரி 53.78. இருபத்துமூன்று வயதில் ஒருவனை முடிந்தவன் என்று எழுதிவைப்பதற்கு எத்தனை அவசரம் வேண்டும்!

1996ஆம் ஆண்டு பங்குனி 13ஆம் திகதி கல்கத்தாவில் உலகக் கிண்ண அரையிறுதி நடைபெற்றபோது, வலிகாமத்தவராகிய நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியிலே இருந்தோம். முந்திய ஐப்பசியிற் புறப்பட்ட எமக்கு மின்சாரமில்லை, பற்றரியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு பெடியன் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலி பாடியது. அவன் களைத்து நிறுத்தினால் நேர்முக வர்ணனையும் நின்றுவிடும். நண்பனும் என் பக்கத்திலே ஒரு சாக்கின்மீது இருந்தான். இலங்கையின் 251 ஓட்டங்களுக்கு எதிராக இந்தியா 120 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெற்றுகளை இழந்த நிலையிற் பார்வையாளர் குழப்பம் விளைவிக்க, ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. ஆட்டமிழக்காமல் 10 ஓட்டங்களுடன் நின்ற காம்ப்ளி அழுதுகொண்டு வெளியேறினான் என்று பின்னர் அறிந்தோம். இலங்கை வென்றதா, இந்தியா தோற்றதா என்று அங்கிருந்தோர் விவாதித்துக்கொண்டிருக்க, நண்பன் ஒன்றைத்தான் சொன்னான்: "பாவம், அவன் அவுட்டாகேல்லையல்லே."

ஊரார் இந்த மூவரையும் ஒரே சொல்லால் அடிப்பர்: "திறமை இருந்தும் உருப்படாதவன்." நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சதாசிவத்துக்கு ஆட இடமில்லை. காம்ப்ளிக்கு இடமிருந்தது, தாங்கிப்பிடிக்க ஆளில்லை, தன்னைத் தானே தாங்கவும் தெரியவில்லை. இவ்விருவர் கணக்கிலாவது அவரவர் செய்துகொண்ட தீங்கு ஒரு பங்கு உண்டு. நண்பன் கணக்கில் அப்படி எதுவுமில்லை. சுருட்டுக்கூடப் பிடித்தறியாதவன். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு போகத்துக்குத் தண்ணீர் கட்ட ஒரு கூலியாள். ஏற்றிவிட வந்த இருபது பேரில் ஒருவரேனும் அவன் வீட்டுப் படலையைத் திறந்து, தாயாரிடம் "தோட்டம் என்ன மாதிரி?" என்று கேட்டிருந்தாற் போதும். கையொலி எழுப்ப எல்லாரும் வந்தோம். தோட்டக் கணக்குப் பார்க்க எவரும் போகவில்லை.

அவன் கெட்டுப்போனான் என்றும் எவரும் எண்ணவேண்டாம். 1970ஆம் ஆண்டுக்குப்பின் மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி செய்வது கட்டுப்படுத்தப்பட்டபோது எம் தோட்டக்காரர் கை ஓங்கியது. அந்தக் காலத்தில் அவன் குத்தகை நிலத்தை அறுதியாக வாங்கினான். மூன்று தங்கைமாரையும் சீதனங்கொடுத்துக் கரையேற்றினான். சுன்னாகம் சந்தையில் அவன் மூட்டைக்குத் தனி விலை. இன்றும் பின்னேரங்களிற் கல்லூரி மைதானத்தின் இடப்புறக் கோட்டருகே வந்து நிற்பான். பெடியள் பந்தைத் தவறவிடும்போது வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொள்வான். உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதற்கு, "எழுதுறதெண்டால் எழுது, பேரைப் போட்டியோ, பிறகு வீட்டுப்பக்கம் வராதை" என்றான்.

ஆதலாற் பெயரில்லாமலே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். பழைய மாணவர் சங்கம் யூபிலி ஆண்டில் மண்டபத்துக்கு இன்னொரு பலகை செய்விக்க எண்ணியுள்ளதாக அறிகிறேன். பலகை இருக்கட்டும். அதனோடு ஒரு சிறுநிதியும் வேண்டும். விளையாட்டிலே தெரியப்பட்டு வெளியூர் செல்லும் மாணவனின் வீட்டில் ஓராண்டுக்குக் கூலியாள் செலவோ, மருந்துச் செலவோ, தங்கையின் படிப்புச் செலவோ எதுவாயினும் அதனை ஏற்றுக்கொள்ளும் நிதி. சப்பாத்தும் பந்தும் வாங்கிக்கொடுக்க வெளிநாட்டிலுள்ள நம்மவர் எப்பொழுதும் ஆயத்தம். அவற்றை இதிலே சேர்க்கவேண்டாம். நிதியைக் கொடுக்குமுன் ஒருவர் அந்த வீட்டுக்கு நேரிற் போய்க் கேட்டறிதல் வேண்டும் என்பதை விதியாக எழுதிவைத்தல் நன்று. முதற்றொகையாக என் ஓய்வூதியத்தில் ஒரு மாதப் பணத்தைப் பொருளாளரிடம் சென்ற வாரமே கொடுத்துவிட்டேன். அவர் பற்றுச்சீட்டு எழுதும்போது நிதிக்கு என்ன பெயர் என்று கேட்டார். இப்போதைக்கு வெறுமையாக விடும்படி சொல்லியிருக்கிறேன்.