அழையா விருந்தாளி

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது பழமொழி. அரள்வதற்கென்றே புத்தகம் தேடிப் படிப்பவர்களைப் பற்றி நம் முன்னோர் பழமொழி ஏதும் சொல்லி வைக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் பத்தாம் வகுப்பில் நான்கு பேர் இருக்கிறோம். இடைவேளையில் வேப்பமரத்தடியில் கூடி, இரத்தம் குடிக்கும் பேய்களையும் அவற்றைக் காதலிக்கும் பெண்களையும் பற்றி நாங்கள் நடத்தும் வாதங்களைக் கேட்டவர்கள், "பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் இது தேவைதானா?" என்று கேட்டதுண்டு. தேவைதான் என்பதே எங்கள் கட்சி. அதற்கான காரணத்தைத் தோழியர் முன் வைக்கவே இதை எழுதுகிறோம்.

பேயும் சுடுகாடும் எங்களுக்குப் புதியவை அல்ல. கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்கு வளர்பிறையையும் தேய்பிறையையும் நாட்காட்டி சொல்ல வேண்டியதில்லை. பேருந்துக் கூட்டமே சொல்லிவிடும். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குக் கூட்டம். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம். மாசி மாதத்தில் மேல்மலையனூரில் நடைபெறும் மயானக் கொள்ளையைப் பார்த்து வந்தவர்கள் எங்கள் தெருவில் பலர். அம்மன் வேடமிட்டு, முகத்தில் வண்ணம் பூசி, சுடுகாட்டை நோக்கி ஆடிக்கொண்டே செல்வார்களாம். அங்கே இறைக்கப்படும் தானியத்தையும் காசையும் மக்கள் முண்டியடித்து எடுப்பார்களாம். மற்ற ஊர்ப் பிள்ளைகள் கதையில் காணும் சுடுகாடு, எங்கள் பக்கத்தில் திருவிழா நடக்கும் இடம்.

ஆங்கில நூல்கள் எங்கள் கைக்கு வந்தது தற்செயலே. எங்களுள் ஒருத்தியின் அக்காள் சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்து, விடுதியைக் காலி செய்து வந்தபோது ஒரு மூட்டை புத்தகம் கொண்டுவந்தார். அதில் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'வும், ஸ்டெஃபனி மேயர் எழுதிய 'ட்விலைட்' வரிசையின் நான்கு நாவல்களும் இருந்தன. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, முறை வைத்துப் படித்தோம். ஒருத்தி படித்து முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுமையாய்க் காத்திருந்தோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆகவே சொல்லவில்லை.

இரத்தம் குடிக்கும் பேய்க்கு ஆங்கிலத்தில் 'வாம்பயர்' என்று பெயர். 1872இல் ஷெரிடன் லெஃபானு எழுதிய 'கார்மில்லா'வும், 1897இல் வெளிவந்த 'டிராகுலா'வும் அவ்வகைக் கதைகளுக்கு முன்னோடிகள். இருவருமே அயர்லாந்து நாட்டவர். நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நம் விக்கிரமாதித்தன் கதையின் வேதாளத்தை 1870இல் ஆங்கிலத்தில் தந்த ரிச்சர்ட் பர்ட்டன், தம் நூலுக்கு 'விக்ரமும் வாம்பயரும்' என்றே பெயர் சூட்டினார். முருங்கை மரத்து வேதாளம் கடல் கடந்து அப்படி ஒரு பட்டம் பெற்று வந்தது.

'டிராகுலா'வைப் படித்தபோது எங்களை மிகவும் கவர்ந்தது கோரைப் பற்களன்று; ஒரு விதி. அந்தக் கோமகன் எவ்வளவு வலிமை படைத்தவனாயினும், வீட்டார் ஒருவர் முதலில் அழைத்தாலன்றி எந்த வீட்டிற்குள்ளும் நுழைய இயலாது. கார்மில்லாவும் அப்படித்தான். வண்டி கவிழ்ந்த இடத்தில் இரக்கப்பட்டு அழைத்த குடும்பத்தின் விருந்தாளியாகவே வீட்டிற்குள் வருகிறாள்.

இந்த விதியைப் படித்தவுடன் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏனெனில் இதையே எங்கள் பாட்டிமார், மல்லாட்டை உரித்துக்கொண்டே பல முறை சொல்லியிருக்கிறார்கள். "ராத்திரியில யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டா மொத தடவையே ஏன்னு கேக்காத. மூணு தடவ கூப்பிடட்டும். மனுசனா இருந்தா கூப்பிடுவான்" என்பது அவர்கள் பாடம். கறிக்குழம்பைப் பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்தனுப்பும்போது கரித்துண்டு ஒன்றைப் போட்டு அனுப்புவதும் அவர்கள் வழக்கம். லண்டன் மாநகரில் பூண்டு மாலை. நம் ஊரில் கரித்துண்டு. சிலுவையைக் கண்டால் டிராகுலா பின்வாங்குவான் என்பதால் எங்கள் பள்ளியைப் பற்றிக் கவலையில்லை. எல்லா வகுப்பறையிலும் ஒன்று இருக்கிறது!

விளையாட்டு ஒருபுறம் இருக்கட்டும். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் எழுதியவரும், எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டியும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள். தீமை வாசலில் வந்து நிற்கலாம். கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது உள்ளே இருப்பவரின் உரிமை. பேய் கூட அந்த உரிமையை மதித்தாக வேண்டும்.

இனி 'ட்விலைட்'டுக்கு வருவோம். 2005 முதல் 2008 வரை வெளிவந்த இந்நாவல்களில், மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூருக்கு வரும் பெல்லா என்ற 17 வயது மாணவி, தன் வகுப்பில் படிக்கும் எட்வர்டைக் காதலிக்கிறாள். அவனோ 1901இல் பிறந்து, 1918இல் வாம்பயர் ஆனவன். கணக்குப் போட்டால் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வயது! ஆயினும் என்றும் பதினேழு.

இந்நாவல்களில் எங்களுக்குப் பிடித்தவை இல்லாமலில்லை. புதுப் பள்ளியில் தனியே உணவு மேசைக்குச் செல்லும் பெண்ணின் கூச்சத்தை ஆசிரியர் நன்றாகவே எழுதியிருக்கிறார். எட்வர்டின் குடும்பத்தார் மனித இரத்தத்தைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டவர்கள் என்பதும் பிடித்திருந்தது. தவக்காலத்தில் மீன் குழம்பின் மணம் வரும் தெரு வழியே கண்ணை மூடிக்கொண்டு நடந்தவர்களுக்கு அந்த உறுதியின் அருமை தெரியும். ஆனால் விலங்குகளின் இரத்தத்தைக் குடித்துவிட்டு அவர்கள் தங்களைச் 'சைவம்' என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதைத் திருவண்ணாமலைச் சைவர்கள் கேட்டால் என்ன சொல்வார்களோ, தெரியாது.

பிடிக்காதது எது? பழைய கதைகளின் அந்த ஒரு விதி இங்கே காணாமற் போய்விட்டது. எட்வர்ட் இரவு தோறும் பெல்லாவின் அறைக்குள் அவளறியாமல் வந்து, அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரும் அவனை அழைக்கவில்லை. பின்னர் இதை அறியும் பெல்லா பெயருக்குக் கோபித்தாலும் உள்ளூரப் பெருமைதான் கொள்கிறாள். மூன்றாம் நாவலில், அவள் தன் நண்பனைக் காணச் செல்லக் கூடாதென்று அவளுடைய வண்டியிலிருந்து ஒரு பாகத்தையே கழற்றி வைத்துவிடுகிறான். எல்லாம் அவள் பாதுகாப்புக்காம், எல்லாம் அன்பாம். டிராகுலாவுக்கு இருந்த கட்டுப்பாடு கூட இந்த அழகனுக்கு இல்லை.

இந்த இடத்தில் எங்களுக்குள் பெரும் சண்டை மூண்டது. "கதைதானே! பல்லி கூட இப்படித்தான் உத்தரத்திலிருந்து பார்க்கிறது. அதற்காகப் பல்லியைக் கோபித்துக்கொள்வாயா?" என்றாள் ஒருத்தி. "பல்லி காதலிப்பதாகச் சொல்லவில்லையே!" என்றாள் மற்றொருத்தி. மூன்றாமவள் ஒன்றும் பேசாதிருந்தாள். கடைசியில் அவள்தான் ஒரு பெயரைச் சொன்னாள். அதற்குப் பின் யாரும் சிரிக்கவில்லை.

அது எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பெயர். அவளை ஒருவன் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை நாள்தோறும் பின்தொடர்ந்தான். அவள் முகம் சுளித்தாள், பாதையை மாற்றினாள், அழுதாள். அவன் விடவில்லை. "உண்மையான அன்பென்றால் இப்படித்தான்" என்று அவன் நண்பர்கள் அவனைப் பாராட்டினார்கள். செய்தி வீட்டுக்கு எட்டியதும் நின்றுபோனது அவன் பின்தொடர்தல் அன்று, அவள் படிப்பு. கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி அவள். சென்ற ஆண்டு இவ்விதழைப் படித்தவள், இவ்வாண்டு எங்களுடன் இல்லை.

அழைக்காமல் வருபவனை நாயகனாகக் காட்டும் கதை, ஃபோர்க்ஸில் நடந்தாலும் நம் திரைப்படங்களில் நடந்தாலும், இத்தகையவனுக்கு ஒரு நற்சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறது. ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013 முதல் இந்தியச் சட்டப்படி தனிக் குற்றம் என்பதும், குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் உண்டு என்பதும் தோழியர் அனைவரும் நினைவில் கொள்ளத் தக்கவை.

மேயர் அம்மையாரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. பெல்லா எப்போதும் காப்பாற்றப்பட வேண்டியவளாகவே இருக்கிறாள் என்ற விமர்சனத்துக்கு விடையாக, 2015இல் அவர் அதே கதையை ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் மாற்றி எழுதினார் என்று அறிகிறோம். அம்முறையை நாங்களும் செய்து பார்த்தோம். ஒரு பெண் இரவில் ஓர் ஆணின் அறைக்குள் ஏறிக் குதித்து அவன் உறங்குவதைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால் நம் ஊரார் என்ன பெயர் வைப்பார்கள்? அந்தப் பெயரை இங்கே எழுத ஆசிரியைகள் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் அதே செயலை ஆண் செய்தால் அதன் பெயர் காதலாம்!

நம் தமிழில் இத்தகைய கதைகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நாவலில், பேயா அறிவியலா என்று வழக்கறிஞர் கணேஷும் வசந்தும் முட்டி மோதுகிறார்கள். 1990களில் தொலைக்காட்சித் தொடராக வந்து ஊரையே வீட்டுக்குள் உட்கார வைத்த 'விடாது கருப்பு', 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் கதை. அதில் குற்றம் செய்தவர்களைக் கருப்பசாமி தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. இக்கதைகளில் பேய் காதலிக்கவில்லை. கேள்வி கேட்க வைக்கிறது. வேதாளமும் அப்படியே. கதை சொல்லி, கேள்வி கேட்டு, சரியான விடை வந்ததும் மரியாதையாக மரமேறி விடுகிறது!

எல்லாவற்றிலும் எங்கள் மனத்தைத் தொட்டவள் பழையனூர் நீலி. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் கதை இது. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைத் தேடி, பேயாகிய நீலி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் சுமந்து வருகிறாள். "இவள் என் மனைவி அல்லள்" என்று அவன் கதறியும், அவள் கண்ணீரை நம்பிய எழுபது வேளாளர்கள், தங்கள் உயிரையே பிணையாக வைத்து அவனை அவளிடம் ஒப்படைக்கிறார்கள். விடிந்ததும் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். பொய்யாக அழுவதை 'நீலிக் கண்ணீர்' என்று இன்றும் சொல்கிறோம். கொலையுண்ட பெண்ணின் கண்ணீர் முழுவதும் பொய்யா என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் வேண்டாம் என்றவன் குரலை ஊர் கேளாமற் போனதும் தவறே. ஆணாயினும் பெண்ணாயினும், மறுப்பு மறுப்புதான்.

இந்த நீலிக்கு மற்றொரு வாழ்வும் உண்டு என்று தமிழம்மா சொல்லக் கேட்டு வியந்தோம். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய 'நீலகேசி'யில், உயிர்ப்பலியைத் தடுத்த சமண முனிவரை அச்சுறுத்த வருகிறாள் பழையனூர் நீலி. பயமுறுத்திப் பார்க்கிறாள், அழகிய பெண்ணாக வந்து மயக்கிப் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. பின்னர் அவரிடம் அறம் கேட்டு, கொலையை விட்டு, ஊர் ஊராகச் சென்று பல சமய அறிஞர்களுடன் வாதிடுகிறாள். இரத்தம் கேட்ட வாய், வாதம் செய்யும் வாயாயிற்று. உலகில் வேறெந்தப் பேய்க்கு இப்படி ஓர் உயர்வு கிடைத்திருக்கிறது?

பேய்க்கதைகளைப் பறித்து வைக்க வேண்டாம் என்று பெரியோர்களை வேண்டுகிறோம். அவற்றைப் படித்திராவிட்டால் அந்த மரத்தடிச் சண்டை நடந்திராது. அந்தப் பெயரையும் நாங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டோம். தோழியர்க்கு ஒரு சொல்: எந்தக் காதல் கதையைப் படித்தாலும், நாயகன் அழகனா என்று பார்ப்பதற்கு முன், அவன் கதவைத் தட்டினானா என்று பாருங்கள். 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டதும் திரும்பிப் போனானா என்று பாருங்கள். போகாதவனிடம் கோரைப்பல் இல்லாவிட்டாலும், மூன்றாம் முறை அழைத்தாலும், பதில் சொல்ல வேண்டியதில்லை.