அக்கரையின் கடிகாரம்

பணி ஓய்வு பெற்ற எனக்கும் என் மனைவிக்கும் மகன் அளித்த பரிசு, ஒரு வார அந்தமான் பயணம். 2025 பிப்ரவரியில் புறப்பட்டோம். பொன்னேரியையும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையையும் தவிர வேறு உலகம் அறியாத நான், சென்னையில் விமானம் ஏறிய இரண்டேகால் மணி நேரத்தில் ஒரு பச்சைத் தீவில் இறங்கி நின்றேன்.

முதலில் வியப்பூட்டியது கடலின் நிறம். எங்கள் பழவேற்காட்டில் காணும் அதே வங்கக் கடல்தான். ஆயினும் இங்கே கரையருகில் இளம்பச்சையாகவும், தள்ளித் தள்ளி நீலமாகவும் விரிந்தது. ஹேவ்லாக் என்று முன்பு வழங்கிய சுயராஜ்யத் தீவில், வானளாவிய மரங்கள் வெண்மணலின் விளிம்பு வரை வந்து நின்றன. அடுத்த வியப்பு, மாலை ஐந்தரை மணிக்கே சூரியன் மறைந்தது. நாடு முழுமைக்கும் கடிகாரம் ஒன்றே. ஆனால் கிழக்கே வெகுதொலைவில் உள்ள இத்தீவுகளில் பொழுது முந்திப் புலர்ந்து, முந்திச் சாய்கிறது.

இந்தப் பயணத்தில் எனக்கு வேறொரு கடமையும் இருந்தது. என் சித்தப்பா 1976இல் கொத்தனார் வேலைக்காக அந்தமானுக்குக் கப்பலேறியவர். 1987இல் ஆயா இறந்தபோது அவர் வரவில்லை. "பெற்றவளுக்கு ஒரு பிடி மண் போட வராதவன் எனக்குத் தம்பியல்ல" என்றார் அப்பா. சாகும்வரை அந்தச் சொல்லை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நானும் அதை நம்பியே வளர்ந்தேன்.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில், மேட்டுத் தெரு ஒன்றில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தோம். எழுபது கடந்த அந்த முதியவர் என் முகத்தைத் தடவி, "அண்ணன் சாடை அப்படியே இருக்குடா" என்றார். ஆயாவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"தந்தி கைக்கு வந்தபோது கப்பல் போய் இரண்டு நாளாகியிருந்தது. அடுத்த கப்பலுக்குப் பத்து நாளாகும். ஏறினால் கடலில் இன்னும் மூன்று நாள். விமானத்துக்குக் கொத்தனாரிடம் ஏது பணம்? கோயிலில் பூசைக்குக் கொடுத்துவிட்டு, துறைமுகத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். வருஷா வருஷம் அந்த நாளில் இன்றும் பூசைக்குக் கொடுக்கிறேன்."

மறுநாள் செல்லுலார் சிறையைப் பார்த்தோம். 1906இல் கட்டி முடிக்கப்பட்டபோது ஏழு கிளைகள்; இன்று எஞ்சியிருப்பவை மூன்று. விடுதலை வீரர்களைச் செக்கிழுக்க வைத்த இடம் அது. அவர்களைத் தடுத்து வைக்கச் சிறைச்சுவர் மட்டும் போதவில்லை. சுற்றிலும் கடல் தேவைப்பட்டது. எந்தக் குற்றமும் செய்யாத என் சித்தப்பாவையும் அதே கடல்தானே தடுத்தது என்று எண்ணியபோது, மேலே நடக்க முடியாமல் ஒரு படியில் அமர்ந்துவிட்டேன்.

1,300 கிலோமீட்டருக்கும் அதிகமான தண்ணீரை இரண்டேகால் மணி நேரத்தில் கடந்து வந்தவன் நான். அந்தத் தண்ணீரின் அகலத்தை அப்பாவும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை. எங்கள் கரையின் கடிகாரத்தைப் பார்த்தே, அக்கரையில் இருந்தவரைக் காலம் தாழ்த்தியவர் என்று தீர்ப்பிட்டோம். வாசகரே, நம் குடும்பங்களில் இப்படி எத்தனை தீர்ப்புகள் மறுவிசாரணைக்குக் காத்திருக்கின்றனவோ!

விடைபெறும்போது சித்தப்பா என் கையைப் பற்றி, "ஊருக்குப் போனதும் என் பேரைச் சொல்லி அம்மா கல்லறையில் ஒரு பிடி மண் போடு" என்றார்.

போட்டேன். பக்கத்தில்தான் அப்பாவின் கல்லறை. சித்தப்பா சொன்னதையெல்லாம் அவரிடமும் சொல்லிவிட்டு, மெல்ல வீடு திரும்பினேன்.