பதக்கத்துக்குப் பின் நாற்பது ஆண்டு

2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது அவருக்கு வயது 25. தனிநபர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. வசதியான குடும்பம், நாடு முழுக்கக் கொண்டாட்டம், அடுத்தடுத்துப் பரிசு அறிவிப்புகள். எதிலும் குறையில்லை. ஆனால் தன் வாழ்க்கையின் பெரிய மன நெருக்கடி தோல்வியில் வரவில்லை, அந்தத் தங்கத்துக்குப் பிறகுதான் வந்தது என்று பிந்த்ரா பின்னாளில் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சிறுவயது முதல் ஒரே குறிக்கோளோடு வாழ்ந்தவருக்கு, அது நிறைவேறிய பின் மறுநாள் எதற்காக எழுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் அனுபவமும் இதை ஒட்டியதே. ஒலிம்பிக்கில் 28 பதக்கங்கள், அவற்றில் 23 தங்கம். உலகில் வேறு யாரும் இந்தக் கணக்கை எட்டியதில்லை. 2012 லண்டன் போட்டிகளோடு ஓய்வு பெற்றார், பிறகு திரும்பி வந்தார், 2014இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாகக் கைதானார். அந்த நாட்களில் அறையை விட்டு வெளியே வராமல், உயிரோடு இருக்கவே விருப்பமின்றிக் கிடந்ததை அவரே பின்னர் சொன்னார். விளையாட்டு வீரர்களின் ஓய்வுக்காலத் துயரத்துக்கு நாம் வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்வோம்: புகழ் மங்குகிறது, வருமானம் நின்றுபோகிறது. இந்த இருவரிடமும் இரண்டும் ஏராளமாக இருந்தன. எனவே அந்த விளக்கம் போதாது.

அப்படியானால் இழப்பது எதை? போட்டி வீரர் ஒருவரின் நாளைப் பார்த்தால் புரியும். விடியுமுன் எழுப்ப ஆள் உண்டு. என்ன சாப்பிடுவது, எத்தனை சுற்று ஓடுவது, எப்போது படுப்பது எல்லாம் வகுத்து வைக்கப்பட்டிருக்கும். மாலையில் ஸ்டாப்வாட்ச் ஓர் எண்ணைச் சொல்லும். நேற்றைவிட இன்று மேலா கீழா என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும். நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைக்காத தெளிவு அது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அவரை யாரோ எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்: அவர் வராவிட்டால் ரிலே அணி முழுமையாகாது, பயிற்சியாளரின் திட்டம் நின்றுவிடும். மற்றத் தொழில்களில் 60 வயதை நெருங்கும்போது ஓய்கிற இந்த எதிர்பார்ப்பு, விளையாட்டில் 35இலேயே, ஜிம்னாஸ்டிக்ஸிலும் நீச்சலிலும் பலருக்கு 25க்குள்ளேயே ஓய்ந்துவிடுகிறது. கடும்பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் குறையத் தொடங்கும். பழைய ஆள் இனி இல்லை என்பதை உடம்பே சொல்லிவிடும். ஒருவர் தன்னை எந்த அளவுக்கு விளையாட்டு வீரராக மட்டுமே உணர்கிறார் என்பதை அளக்க, 1993இல் ப்ரூவர், வான் ரால்ட்டே, லிண்டர் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு வினாத்தொகுதியை உருவாக்கினார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகள் பலவும் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன: அந்த ஒற்றை அடையாளம் எவ்வளவு இறுக்கமோ, ஓய்வும் அவ்வளவு கடினம்; தானாக விலகியவரைவிடக் காயத்தாலோ தேர்வுக்குழுவாலோ வெளியேற்றப்பட்டவர் அதிகம் தவிக்கிறார். இதிலிருந்து நான் வருகிற முடிவு இது: ஓய்வுபெற்ற வீரருக்கு முதலில் வேண்டியது, அவர் தினமும் தேவைப்படுகிற ஓர் இடம். கௌரவம் அதற்குப் பிறகுதான். நம் சமூகமோ கௌரவத்தோடு நிறுத்திக்கொள்கிறது. சால்வை போர்த்துகிறோம், நினைவுப் பரிசு தருகிறோம், அடுத்த நாள் காலை அவரிடம் எந்த வேலையையும் எதிர்பார்ப்பதில்லை.

இந்த முடிவுக்கு வலுச்சேர்க்கிறவர்கள் நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் வினாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்ட பி.டி. உஷா, 2000இல் ஓய்வு பெற்றார். இரண்டே ஆண்டுகளில், 2002இல், கோழிக்கோடு மாவட்டம் கொயிலாண்டியில் தடகளப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த டின்டு லூக்கா 2010இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 வினாடியில் ஓடி, ஷைனி வில்சன் 15 ஆண்டுகளாக வைத்திருந்த தேசிய சாதனையை முறியடித்தார். உஷாவின் வாழ்க்கையில் இங்கே மாறியது ஒன்றுதான்: ஸ்டாப்வாட்ச் இப்போது இன்னொருவரின் ஓட்டத்தை அளந்தது. விடியற்காலை, சுற்றுகள், எண், எதிர்பார்ப்பு எல்லாம் அப்படியே தொடர்ந்தன. டெஸ்டில் அன்றைக்கு வேறு யாரும் எடுத்திராத 355 விக்கெட்டுகளோடு 1984இல் விலகிய ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி, 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து அறக்கட்டளைக்குப் பொறுப்பேற்றார். வேகப்பந்துக்குப் பெயர் வாங்காத ஒரு நாட்டின் இளைஞர்களுக்கு ஓட்டமும் கைவீச்சும் சொல்லிக்கொடுக்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர் சென்னைக்கு வந்துபோனார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் பயிற்சியாளராவது ஒன்றே வழி என்று எண்ணிவிடக் கூடாது. நம்முடைய சங்கங்களும் அமைச்சகங்களும் அப்படித்தான் எண்ணுகின்றன, அது தவறு. உடம்புக்குள் இறங்கிவிட்ட திறமையை வார்த்தையில் எடுத்துச் சொல்லத் தெரியாத மேதைகள் பலர். அவர்கள் கற்றது மைதானத்தின் வேறு மூலைகளுக்குப் பயன்படும். சென்னைக்காரரான எஸ். வெங்கட்ராகவன் இதற்கு ஒரு முழுமையான சான்று. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 57 டெஸ்டுகளில் 156 விக்கெட் எடுத்த ஆஃப் ஸ்பின்னர். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய அணித் தலைவர். 1993இல் சர்வதேச நடுவராகி, 2004க்குள் 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். ஆடியதைவிட அதிகமான டெஸ்டுகளுக்குத் தீர்ப்பு வழங்கியிருக்கிறார். பந்து வீசியவருக்கே தெரியக்கூடிய கோணமும் திருப்பமும் அந்தத் தீர்ப்புகளுக்கு உதவின என்றே நம்புகிறேன். முத்தையா முரளிதரன் எடுத்துக்கொண்டது வேறொரு பணி. 2010 ஜூலையில் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு டெஸ்ட் ஆட்டத்துக்கு விடைகொடுத்த பிறகு, போரால் சிதைந்த வட இலங்கையில் பள்ளி அணிகளை ஒன்றுசேர்த்து ஆடவைக்கும் ஹார்மனி கோப்பை 2012இல் அவர் பெயரால் தொடங்கியது. தெற்கின் சிங்களப் பிள்ளைகளும் வடக்கின் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் நிற்பதற்கு அவர் பெயரின் எடை தேவைப்பட்டது. வேறு யாராலும் எளிதில் செய்துவிட முடியாத வேலை அது.

தேவைப்படும் இடம் வேண்டும் என்ற என் முடிவுக்கு வலுவான மறுப்பு பயிற்சியாளர்களிடமிருந்து வரும். சாம்பியன் உருவாவதே ஒருமுகப்பட்ட மனத்தால்தான். ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாழ்க்கையை யோசிக்கச் சொன்னால் இரண்டும் கெடும் என்பார்கள். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் நான் சொல்கிற தேவைப்படும் இடம் ஓய்வு பெற்ற மறுநாள் தானாகக் கிடைத்துவிடாது. அதற்கான கல்வியும் பழக்கமும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். 1954 மே 6 அன்று ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய ரோஜர் பேனிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். அன்று காலை லண்டன் மருத்துவமனையில் வேலையைப் பார்த்துவிட்டு ரயிலேறி ஆக்ஸ்ஃபோர்டு போய் ஓடினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஓட்டத்தை விட்டுவிட்டார்; பின்னர் நரம்பியல் மருத்துவரானார். பிற்காலத்தில் கேட்டபோது, மைல் சாதனையைவிட நரம்பியலில் செய்த பணியையே பெரிதாகக் கருதுவதாகச் சொன்னார். அது அமெச்சூர் காலம், இன்றைய தொழில்முறைப் பயிற்சியோடு ஒப்பிட முடியாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2024 பாரிஸில் 200 மீட்டரும் இரண்டு தொடர் ஓட்டங்களுமாக மூன்று தங்கம் வென்ற அமெரிக்காவின் கேபி தாமஸ், ஹார்வர்டில் நரம்பு உயிரியல் படித்து, பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, காப்பீடு இல்லாத ரத்த அழுத்த நோயாளிகளுக்கான கிளினிக்கில் வாரந்தோறும் தொண்டு செய்துகொண்டே பயிற்சி எடுத்தவர். நம் தினேஷ் கார்த்திக் 2021இல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டிக்கு வர்ணனையாளராகப் போனபோது அவர் ஆட்டம் முடிந்தது என்றே பலர் முடிவு கட்டினார்கள். அடுத்த ஆண்டே டி20 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். 2024இல் ஓய்வு பெற்றபோது மைக்கும் பயிற்சியாளர் பொறுப்பும் அவருக்காகக் காத்திருந்தன. தோற்றால் எல்லாமே போய்விடும் என்ற பயம் இல்லாதவர் களத்தில் நிதானமாக நிற்பார் என்பது என் கணிப்பு.

இன்னொரு மறுப்பு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. நம் நாட்டில் வீரர்கள் பலர் கூலிக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு முதலில் சோறு வேண்டும், வாழ்க்கையின் நோக்கம் பற்றிய பேச்செல்லாம் வயிறு நிறைந்தவர்களுடையது என்பது அந்த மறுப்பு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார்; பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அதைப் பறித்தார்கள். அவர் எதையும் ஏமாற்றிப் பெறவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். 2012இல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்தது வெளியே தெரிந்து நாடே வெட்கப்பட்டது. அதற்கு முன்பே, பதக்கம் பறிபோன பிறகு, அவர் சொந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்திருந்தார் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கையில் காசில்லாத நிலையிலும் அவர் தேடிப்போனது தன்னை எதிர்பார்த்து நிற்கும் பிள்ளைகளை. பிறகு பயிற்சியாளருக்கான பட்டயம் பெற்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். சோறும் நோக்கமும் ஒரே நியமன ஆணையில் வர முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீடு தமிழ்நாட்டில் மூன்று விழுக்காடு. ரயில்வேயும் காவல்துறையும் நெடுங்காலமாக வீரர்களை வேலைக்கு எடுத்துவருகின்றன. பல குடும்பங்களை நிமிர்த்திய ஏற்பாடு அது, அதைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் அந்த வேலை, பெற்ற பதக்கத்துக்கான பரிசாகவே தரப்படுகிறது. ஆடும் வயதில் வீரர் முகாமிலும் போட்டியிலும் இருப்பார். அலுவலகம் அவரைக் கையெழுத்தில் மட்டும் அறியும். 30ஐத் தாண்டி ஆட்டம் முடிந்து மேசைக்கு வரும்போது, கோப்பு எழுதவோ கணக்குப் பார்க்கவோ யாரும் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள். அவருக்குத் தெரிந்த எதையும் அந்த மேசை கேட்காது. மத்திய விளையாட்டு அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 29, தேசிய விளையாட்டு தினத்தன்று, ஓய்வுபெற்ற வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் ரீசெட் திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனாலும் அது ஓய்வுக்குப் பிறகு கதவைத் திறக்கிறது. 19 வயதில் விளையாட்டு விடுதியில் இருக்கும்போதே நடுவர் தேர்வு, பிசியோதெரபி, உடற்கல்வி, ஆடுகளப் பராமரிப்பு, ஆட்டத் தரவு ஆய்வு என்று ஏதாவது ஒன்றின் முதல் படியையாவது ஏறவைத்திருந்தால், முப்பதில் திகைத்து நிற்க நேராது.

கடைசியாக ஒன்று கேட்கலாம்: இத்தனை ஆண்டு உழைத்தவர் சும்மா இருந்தால்தான் என்ன? தாராளமாக இருக்கலாம். ஓராண்டு உறங்கட்டும், பிள்ளைகளோடு இருக்கட்டும், முழங்கால் ஆறட்டும். தானே விரும்பி எடுக்கும் ஓய்வில் குற்றம் காண யாருக்கும் உரிமையில்லை. நான் பேசுவது விரும்பாமலே ஓரங்கட்டப்பட்டவர்களைப் பற்றி.

அப்படிப்பட்டவர்கள் அனேகமாக உங்கள் ஊரிலும் இருப்பார்கள்: ஒருகாலத்தில் மாநிலக் கபடி அணியில் ஆடியவர், பல்கலைக்கழக அளவில் நீளம் தாண்டியவர், தேசியப் போட்டியில் ஹாக்கி ஆடிய பெண். இன்னொரு பக்கம், உள்ளூர்ப் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். வட்டார அளவிலான போட்டிக்கு விதி தெரிந்த நடுவர் கிடைப்பதில்லை. பள்ளி நிர்வாகத்தினரும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரும் விளையாட்டுச் சங்கத்தினரும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அந்த முன்னாள் வீரரை அழைப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள்; அந்த மூன்று நாளுக்கு உரிய சம்பளத்தையும் கொடுங்கள்.