அப்பாவின் சைக்கிளுக்குப் புது கியர்

அப்பாவின் ராலே சைக்கிளில் ஸ்டர்மி ஆர்ச்சர் 3 கியர். மூன்றும் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே இருக்கும். உள்கொக்கிகள் தேய்ந்துவிட்டன, எங்கள் ஊரில் மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை. என் முழங்காலோ கியர் இல்லாமல் மேம்பாலம் ஏற மறுக்கிறது.

செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தாவவைக்கும் டெரெய்லர் கியர் போடலாம் என்றார் மெக்கானிக். ஆனால், அதற்கான ஃபிரேம் இல்லை இது. பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 114 மி.மீ.தான், 5 பல்சக்கர ஹப்புக்கு 120 வேண்டும்.

"இரும்பு சார், பக்கத்துக்கு 3 மி.மீ. விரிக்கலாம். அலுமினியம்னா தொடவே மாட்டேன்" என்றார். மெதுவாக விரித்து, முன்பக்கக் குழாயிலிருந்து நூல் கட்டி, இருபுறமும் சமமா என்று பார்த்தார். டெரெய்லர் மாட்ட ஃபிரேமில் காது இல்லை. அச்சோடு சேர்த்து முடுக்கும் பட்டை வைத்தார். பழைய ரிம்மில் 40 கம்பித் துளைகள், புது ஹப்பில் 36. அதனால் பின்சக்கரமே புதிது.

"அப்பா ஞாபகத்தையே மாத்திட்டியேடா!" என்று அக்கா கோபித்தாள்.

"எதையும் அறுக்கலை, பத்தவைக்கலைக்கா. பழைய சக்கரம் பரண்ல இருக்கு. பாகம் கிடைச்சா திரும்ப மாட்டிடலாம். அப்பா இதை ஒருநாளாவது சும்மா நிறுத்தியிருக்காரா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மேம்பாலம் தாண்டித்தானே போறே? என் பிரஷர் மாத்திரையும் வாங்கிட்டு வா" என்றாள்.