நாணத்தால் மறைக்கலாகாத ஒன்று

உடம்பு நமக்கு உணர்த்தும் செய்திகளுட் சிலவற்றைப் பிறரிடம் சொல்லக் கூசுகின்றோம். மலத்தின் நிறம் அவற்றுள் ஒன்று. ஆயினும் உயிர்காக்கும் செய்தி சிலவேளை அங்கேதான் இருக்கின்றது.

எங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் இருவருக்கு மலம் கறுத்தது. கருவுற்றிருந்த என் தங்கைக்கு அதன் காரணம் இரும்புச்சத்துக் குளிசை. உடல் ஏற்காது எஞ்சும் இரும்பு மலத்தைக் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ மாற்றும்; அந்நிற மாற்றத்தால் தீங்கில்லை. பிஸ்மத் கலந்த வயிற்று மருந்தும், ஆட்டிரத்த வறையும் இவ்வாறே நிறத்தை மாற்றக்கூடியன.

பெரியப்பாவின் நிலையோ வேறு. முழங்கால் நோவுக்கெனப் பல மாதங்களாகத் தாமே குளிசை வாங்கி விழுங்கிவந்தார். "பிள்ளைக்கும் அப்படித்தானே, சாப்பாட்டின் குணமாயிருக்கும்" என்று அமைந்திருந்தார். எழுந்து நின்றபோது அவருக்குத் தலைசுற்றியதைக் கண்ட பெரியம்மா, அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார்.

வைத்தியர் கேட்டவை மூன்று: தார்போல் ஒட்டுகின்றதா? வழக்கத்திற்கு மாறான துர்நாற்றம் உண்டா? என்ன குளிசை எடுக்கின்றீர்கள்? விடைகள் கிடைத்ததும் ஐயம் வலுத்தது. மெல்லிய குழாயொன்றை வாய்வழியே செலுத்திப் பார்த்தபோது, இரைப்பைப் புண்ணொன்றில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரத்தம் ஏற்றினர், பெரியப்பா பிழைத்தார்.

செந்நிற இரத்தம் கறுப்பதேன்? இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசியும் இரத்தம், அமிலத்தாலும் சமிபாட்டாலும் மாற்றமடைந்து கருநிறம் பெறுகின்றது. அஸ்பிரின், டைக்ளோபெனாக் போன்ற குளிசைகள் இரைப்பையைப் புண்ணாக்கலாம். கிருமியும் ஒரு காரணம். ஹெலிக்கோபாக்டர் பைலோரி எனும் அக்கிருமியை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 1982இல் கண்டறிந்த பரி மார்ஷல், ரொபின் வொறன் இருவரும் 2005இல் நோபெல் பரிசு பெற்றனர். ஈரல் நோயால் உணவுக்குழாயின் நாளங்கள் வீங்கி வெடித்தலும், இரைப்பைப் புற்றுநோயும் ஏனைய காரணங்களாம்.

ஆகவே, இரும்புக் குளிசை எடுப்பவராயினும் மலம் தார்போலிருந்தால் தாமதியாது வைத்தியரை நாடுக. மயக்கம், மூச்சிரைப்பு, கோப்பித்தூள் போன்ற வாந்தி என்பன தோன்றின் 1990 எனும் இலக்கத்தில் அம்புலன்சை அழைத்திடுக. இதயநோய்க்கென வைத்தியர் தந்த அஸ்பிரினை அவரைக் கேளாது நிறுத்தலும் ஆகாது.

வீட்டு முதியோரிடம் "சாப்பிட்டீர்களா?" என்று நாள்தோறும் வினவுகின்றோம். இதனையும் கூச்சமின்றி வினவுதல் அன்பின்பாற்பட்டதே.