இனிப்புக்கு இனிப்பே துணை

பாரிஸ் ரெஸ்ரோரன்டுகளில் வேலை செய்யும் எங்களுக்கு பெப்ரவரி 14 ஆண்டின் மிக நீண்ட இரவுகளில் ஒன்று. சாப்பாட்டுக் கூடத்தில் நால்வர் மேசைகளைப் பிரித்து இருவர் மேசைகளாக்கிவிடுவார்கள். கதவு திறந்த நேரம் முதல் கடைசித் தட்டுப் போகும்வரை மூச்சுவிட இடைவெளி இராது. இந்த நகரத்தின் குசினிகளில், கோப்பை கழுவும் தொட்டியிலிருந்து அடுப்படி வரைக்கும், எங்கள் தமிழ் ஆட்கள் நிற்கிறார்கள். எண்பதுகளில் அகதியாக வந்து இறங்கியவர்களுக்கு மொழி தெரியாமலேயே கிடைத்த வேலை அது. முன்னால் வந்தவர்கள் பின்னால் வந்தவர்களுக்கு அதே கதவைத் திறந்துவிட்டார்கள். அப்படி உள்ளே வந்தவர்களில் நானும் ஒருவன். தொட்டியடியில் தொடங்கி, மரக்கறி வெட்டிப் பழகி, இப்போது இனிப்புப் பகுதியில் நிற்கிறேன்.

அந்த இரவில் மற்றவர்களின் காதலுக்குப் பந்தி வைத்துவிட்டுக் கடைசி மெட்ரோவுக்கு ஓடுகிறோம். எங்கள் வீட்டுக் காதலர் தினம் ரெஸ்ரோரன்ட் பூட்டியிருக்கும் அடுத்த திங்கட்கிழமைதான் வரும். பிந்தி வந்தாலும் எனக்கு அது பெரிய நாள். வேலைநேரங்கள் எதிரெதிராக ஓடும் வீட்டில், இருவரும் விழித்திருக்கும் ஒரு மாலைப்பொழுதே பண்டிகைதான். அந்த மாலைக்கு எந்தச் சொக்லேட்டோடு எந்த நுரைவைனை வைக்கலாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். குசினியில் கற்றது எங்கள் வீட்டு மேசைகளுக்கும் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அன்றைய இரவில் அநேகமானோர் விரும்பிக் கேட்பது ஒன்றுதான்: கருஞ்சொக்லேட் கேக், பக்கத்தில் ஷாம்பெயின், அதிலும் ப்ரூட். இரண்டும் உயர்ந்தவை, சேர்ந்தால் இன்னும் உயர்வாக இருக்கும் என்று நம்புகிறார்கள். வாய்க்குள் நடப்பது வேறு. ப்ரூட் ஷாம்பெயினில் லீற்றருக்கு 12 கிராமுக்கும் குறைவான சீனியே இருக்கும். றான்ஸ், எப்பெர்னே நகரங்களைச் சுற்றிய அந்தத் திராட்சை நிலம் குளிரானது. அங்கே பழம் புளிப்பை விடாமல்தான் பழுக்கும். அந்தப் புளிப்புத்தான் ஷாம்பெயினின் உயிர். போத்தலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கும்போது அடைபடும் வாயுவின் அழுத்தம் ஐந்து, ஆறு வளிமண்டல அளவுக்கு ஏறும். நாக்கில் அது புளிப்பை இன்னும் கூர்மையாக்கும்.

கருஞ்சொக்லேட்டில் கசப்பும் துவர்ப்பும் உண்டு, சீனியும் உண்டு. பாயாசம் குடித்த வாய்க்குச் சீனி போட்ட தேத்தண்ணியும் சப்பென்று இருப்பது எல்லாரும் அறிந்தது. அதேபோல, சொக்லேட்டுக்குப் பிறகு ப்ரூட்டின் கொஞ்சநஞ்ச இனிப்பும் மறைந்து, புளிப்பும் கசப்பும் மட்டுமே மிஞ்சும். கொக்கோ வெண்ணெய்க்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. அது உருகுவது உடற்சூட்டுக்குச் சற்றுக் கீழே, 34 பாகைக்கு அருகில். வாயில் வைத்ததும் சொக்லேட் கரைவது அதனால்தான். பனிக்கட்டி வாளியிலிருந்து எடுத்த வைனை உடனே குடித்தால், உருகிய வெண்ணெய் நாக்கிலேயே இறுகிப் படலமாகிவிடும். வைனின் வாசம் அந்தப் படலத்தைத் தாண்டி வராது.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு எளிய விதி இருக்கிறது. கிளாஸில் இருக்கும் இனிப்பு தட்டில் இருக்கும் இனிப்பைவிடக் குறையக்கூடாது. சொக்லேட்டுக்கு வைன் தேடுவது இந்த விதியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழைய ஷாம்பெயின் இந்த விதிக்குப் பொருந்தியே இருந்தது. 2010 இல் பால்டிக் கடலில், ஓலாந்துத் தீவுகளுக்கு அருகே, மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த ஷாம்பெயின் போத்தல்களை எடுத்தார்கள். ஆய்வுகூடத்தில் பரிசோதித்தபோது லீற்றருக்குச் சுமார் 150 கிராம் சீனி இருந்தது தெரியவந்தது. அந்தக் காலத்து ரஷ்யப் பிரபுக்கள் இன்னும் கூடுதலான இனிப்பைக் கேட்டு வாங்கினார்கள். விருந்தின் முடிவில், பலகாரங்களோடு குடிக்கும் வைனாக அது இருந்தது. இங்கிலாந்துக்காரர் சீனி குறைந்ததை விரும்பினார்கள். றான்ஸ் நகரத்து லூயிஸ் பொம்மெரி அம்மையார் 1874ஆம் ஆண்டு அறுவடையில் செய்த ப்ரூட் இங்கிலாந்தில் பெரும் வரவேற்புப் பெற்றது. மெல்ல மெல்ல உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஷாம்பெயின் விருந்தின் தொடக்கத்துக்கு இடம்பெயர்ந்தது, சொக்லேட் முடிவிலேயே நின்றுவிட்டது. இன்று இரண்டும் முட்டிக்கொள்வதன் காரணம் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

அதனால் ப்ரூட்டைக் குறைவாக நினைக்க வேண்டாம். அதற்குரிய இடம் முதல் பந்தி. உப்பும் எண்ணெயும் உள்ள மொறுமொறுப்பான எதோடும் அது அருமையாகச் சேரும். எங்கள் வீட்டில் உறைப்பைக் குறைத்துச் சுட்ட பருத்தித்துறை வடையோடுதான் ப்ரூட் குடிப்போம். எண்ணெயின் கனத்தைப் புளிப்பு வெட்டிவிடும், உளுந்தின் வாசம் மேலே வரும். யாராவது பரிசாக ப்ரூட் தந்தால் அதைச் சொக்லேட்டுக்காகப் பத்திரப்படுத்தாமல், வடை சுட்டு முதலிலேயே திறந்துவிடுங்கள்.

சொக்லேட்டுக்கு ஷாம்பெயின்தான் வேண்டும் என்றால், லேபலில் டெமி-செக் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். அதில் லீற்றருக்கு 32 முதல் 50 கிராம் வரை சீனி இருக்கும். அதற்கு ஏற்ற துணை பால் சொக்லேட்டும், வறுத்த ஹேசல் பருப்பை அரைத்துச் செய்யும் பிரலினேயும். பால் சொக்லேட்டை 1875 இல் சுவிஸ் நாட்டு வெவே நகரில் உருவாக்கியவர் டானியல் பீட்டர். பால் சேர்ந்ததும் கொக்கோவின் கசப்புத் தணிந்தது. மறுபக்கம், ஷாம்பெயின் விற்பனைக்கு வருமுன் குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும் என்பது சட்டம். போத்தலுக்குள் படியும் ஈஸ்டின் மண்டியோடு கிடக்கும் அந்தக் காலத்தில் வாட்டிய பாணின் வாசமும் பருப்பு வாசமும் வைனில் ஊறும். பிரலினேயின் வறுத்த வாசம் அதோடு எந்தச் சண்டையும் இல்லாமல் கலந்துவிடும்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமான இரண்டு போத்தல்களும் ஷாம்பெயின் அல்ல. விலையும் அநேகமாக ஷாம்பெயினில் பாதிக்குக் குறைவு. ஒன்று, லியோனுக்கும் ஜெனீவாவுக்கும் இடையிலுள்ள மலைச்சரிவுகளில் விளையும் செர்தோன். கமே, பூல்சார் என்ற இரு கருந்திராட்சைகளிலிருந்து வரும் இளஞ்சிவப்பு வைன் அது. மற்றது, தெற்கே துரோம் மாவட்டத்தின் கிளரெத் த டீ. அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் மஸ்கட் திராட்சை இருக்க வேண்டும். இரண்டையும் மூதாதையர் முறை என்று இங்கே சொல்லப்படும் பழைய வழியில் செய்கிறார்கள். தொட்டியில் தொடங்கிய நொதிப்பை முடியவிடாமல் போத்தலுக்குள் அடைப்பார்கள். அங்கே அது தொடர்ந்து நொதித்து நுரையை உண்டாக்கும், சீனி முழுவதும் தீருமுன் நின்றுவிடும். வெளியிலிருந்து சீனி சேர்ப்பதில்லை. பழத்தின் இனிப்பே மிஞ்சி நிற்கும். அல்கஹோலும் 8 சதவீதத்தை ஒட்டித்தான், ஷாம்பெயினில் 12 சதவீதம். சூடு குறைந்த, புளிப்பு மெலிந்த, பழவாசம் நிறைந்த இந்த நுரைவைன்கள் சொக்லேட்டைக் காயப்படுத்தாது.

செர்தோனில் ராஸ்ப்பெரி, ஸ்ட்ராபெரி வாசம் இருக்கும். 60 சதவீதம் அளவு கொக்கோ உள்ள கருஞ்சொக்லேட்டோடு, அல்லது கருஞ்சொக்லேட் கிறீமுக்கு மேல் ராஸ்ப்பெரி வைத்த இனிப்போடு சேர்த்துப் பாருங்கள். கொக்கோவின் கசப்பு பழத்தின் பின்னால் போய் நின்றுகொள்ளும். கிளரெத்தில் தோடம்பூவும் ரோசாவும் மணக்கும். சீனிப்பாகில் ஊறிய தோடந்தோலைச் சொக்லேட்டில் தோய்த்து இங்கே விற்பார்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமான கிளாஸ் எனக்குத் தெரியாது. கொக்கோவின் திண்மம் எதுவும் இல்லாமல், கொக்கோவிலிருந்து வெண்ணெய் மட்டுமே சேர்ந்த வெள்ளைச் சொக்லேட்டுக்கும் அது நன்றாகப் பொருந்தும். 80 சதவீதத்துக்கு மேற்பட்ட கடுங்கசப்பு வகைகளுக்கு எந்த நுரைவைனும் தாக்குப்பிடிக்காது. அவற்றுக்குப் பனியூல்ஸ் போன்ற கனத்த, நுரையில்லாத இனிப்பு வைன்தான் சரி.

இந்தச் சேர்க்கைகளில் பலவற்றை நானும் மனைவியும் ஒரு விடுமுறையில் துரோம் பக்கம் போனபோது சுவைத்தோம். காதலர்கள் வெனிஸுக்குப் போவார்கள் என்பது சினிமா. குசினித் தொழிலாளிக்கும் அவன் மனைவிக்கும் துரோமைவிட நல்ல ஊர் இல்லை என்பேன். ரோன் ஆற்றங்கரையில் தேன் லெர்மித்தாஜ் என்ற சிறுநகரம். வால்ரோனா சொக்லேட் அங்கேதான் உருவாகிறது. நான் வேலையில் அன்றாடம் உருக்கும் 70 சதவீத குவனாஹா சொக்லேட், 1986 இல் அங்கிருந்து வெளிவந்தது. தெருவில் நடக்கும்போதே கொக்கோ வறுபடும் வாசம் வரும், தலைக்கு மேலே திராட்சைக் குன்று நிற்கும். அதே மாவட்டத்தில், துரோம் ஆற்றின் வழியே கிழக்கே ஏறினால், வெர்கோர் மலையின் செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே டீ என்ற ஊர். கிளரெத் அங்கே பிறக்கிறது. தேன் லெர்மித்தாஜில் வாங்கிய தோடந்தோல் சொக்லேட்டை டீ ஊரில் ஒரு வைன் பண்ணை முற்றத்தில் பிரித்தோம். மனைவி ஒரு துண்டைக் கடித்து, ஒரு மிடறு குடித்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, “இஞ்சருங்கோ, இதெல்லோ ஒண்டோட ஒண்டு சேருது. மற்றதெல்லாம் பேருக்குத்தான்” என்றா. என் தொழிற்படிப்பு முழுவதும் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிட்டது.

ரோன் ஆற்றோடு இன்னும் தெற்கே போனால் ரொக்மோர் வரும். காதலர் தினத்துக்குப் பேர் தந்த வலன்டைன் புனிதருக்கும் வைனுக்கும் பிரான்ஸில் உள்ள உறவு அந்த ஊரில் இருக்கிறது. திராட்சை வேர்களைத் தின்னும் பிலொக்சேரா என்ற பூச்சி அந்த வட்டாரத்தை அழித்துக்கொண்டிருந்தபோது, 1868 இல், அந்தப் புனிதரின் திருவெச்சங்களை ரோமிலிருந்து கொண்டுவந்து ஊர்த் தேவாலயத்தில் வைத்தார்கள். கொடிகளைக் காக்க வேண்டும் என்பது அவர்களின் வேண்டுதல். பின்னாளில் அமெரிக்கத் திராட்சை வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் தோட்டங்கள் மீண்டன. ஆனாலும் ஊர் தன் புனிதரைக் கைவிடவில்லை. பெப்ரவரியில் அவர் பேரில் அங்கே முத்தத் திருவிழா நடக்கிறது.

இனி, வீட்டு மேசைக்கு. இருவருக்கு 37.5 சென்ரிலீற்றர் அரைப் போத்தல் போதும். வைன் 8 முதல் 10 பாகைக் குளிரில் இருக்கட்டும். சொக்லேட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், வைத்திருந்தால் நேரத்தோடு வெளியே எடுத்துவிடுங்கள். தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு போத்தலின் அடியை மெதுவாகத் திருப்பினால், சத்தமில்லாமல் திறக்கும், நுரையும் வீணாகாது. வெள்ளை, பால், கருமை என்ற வரிசையில் சுவையுங்கள். ஒரு துண்டு வாயில் முழுதாக உருகும்வரை பொறுத்திருங்கள். அதன் பிறகுதான் ஒரு மிடறு. சொக்லேட்டின் மேல் ஒரு சிட்டிகை கடலுப்புத் தூவினால் கசப்பு இன்னும் அடங்கும்.

குடியால் சிதைந்த வீடுகளை எங்கள் சமூகம் நிறையவே பார்த்திருக்கிறது. அந்த வலியோடு வளர்ந்தவர்கள் போத்தலைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். அவர்களை வற்புறுத்துவது அன்பாகாது. வைன் நாடான பிரான்ஸே 1991 இல் சட்டம் இயற்றி மது விளம்பரத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. குடிக்காதவர்களுக்கு அல்கஹோல் இல்லாத நுரைக்கும் திராட்சைச் சாறு இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். அதன் இனிப்பு சொக்லேட்டுக்கு நன்றாகவே பொருந்தும்.

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு, இது வெள்ளைக்காரர் சமாச்சாரம் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாயோன் நகரத்தின் கதையைச் சொல்வேன். ஸ்பெயின் எல்லைக்கு அருகிலுள்ள அந்த ஊரில் 17ஆம் நூற்றாண்டில் சொக்லேட் செய்யத் தொடங்கியவர்கள், ஸ்பெயின், போர்த்துக்கல் சமய விசாரணைக்குத் தப்பி ஓடிவந்த யூதர்கள். ஆற்றுக்கு அப்பால் ஒதுக்கமாகக் குடியிருக்க விடப்பட்டவர்கள். அவர்களிடம் கைவேலையைக் கற்ற உள்ளூர்க்காரர் பின்னர் சங்கம் அமைத்து அவர்களையே விலக்கப் பார்த்தார்கள். இன்று பாயோன் தன் சொக்லேட்டைப் பெருமையாகச் சொல்கிறது. இந்த நாடு தன் இனிப்பு என்று கொண்டாடுவதில் அகதிகளின் கை இருக்கிறது.

ஆகவே பாரிஸின் லா சப்பலில் அறை எடுத்திருக்கும் தம்பிமாருக்கு, இரவில் குசினியும் பகலில் தூக்கமுமாக இருக்கும் புதுமணத் தம்பதிகளுக்கு என் வேண்டுகோள் இது. பேருக்காகக் காசைக் கொட்டாதீர்கள். லேபலில் இனிப்பின் அளவைப் பாருங்கள், நாக்கை நம்புங்கள். அடுத்தவருக்கு வருடம் முழுக்கப் பரிமாறுகிறோம். திங்கட்கிழமை மாலையில் கைபேசியை அணைத்துவிட்டு, உங்கள் மேசையில் உங்கள் துணைக்கு முன்னால் உட்காருங்கள். அந்த உரிமை எங்கள் கைகள் உழைத்துத் தேடியது.